பீமா நீர்ப்பரப்பில் ஓர் ஒளிப்படப் பயணம்

ஹடப்சர் வழியே செல்லும் சோலாப்பூர் நெடுஞ்சாலையில், புனேயிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பிக்வன் உள்ளது. குளிர்காலத்தில் ஒளிப்படக் கலைஞர்கள் குழுவாகத் திரண்டு, விடியுமுன் புறப்பட்டு இவ்வூரை அடைகின்றனர். பீமா ஆற்றின் குறுக்கே 1980ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் நீர் இங்குவரை பரந்து கிடக்கிறது.

அவர்கள் நாடி வருவது பூநாரைகளை. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி அவை இரை தேடுகின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்ததன்று. உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிகள் தருவது. மீனவர்களே படகோட்டிகளாக உடன் செல்கின்றனர். படகு மிக நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். படம் அழகாக அமையும். பறவையோ மேய்ச்சலை இழக்கும். துடுப்பை நிறுத்திக் காத்திருந்தால், அவை மேய்ந்துகொண்டே அருகில் வருவதும் உண்டு.

நீர் மிகக் குறையும் கோடைகளில், மூழ்கிக் கிடக்கும் பழைமையான பளஸ்தேவ் கோயில் வெளிப்படுகிறது. கலைஞர்களுக்கு அஃது அரிய காட்சி. அணைக்காக ஊரையே விட்டு மேட்டுநிலத்தில் குடியேறியவர்களுக்கோ, அது தம் தெய்வம் இருந்த இடம். படங்களில் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த ஊர் இல்லை.

பயிற்சி: ‘நிறம் பிறவியில் வந்ததன்று’ – இத்தொடரில் ‘அல்ல’ என்னும் சொல் வாராமைக்குக் காரணம் கூறுக.