பாய்லர் வால்வு சொட்டும்போது

லண்டனில் காம்பி பாய்லர் உள்ள வீடுகளின் வெளிச்சுவரில், முனை சுவரைப் பார்த்து வளைந்தபடி ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நீர் சொட்டினால் பாய்லருக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறக்கிறது என்று பொருள். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் குழாய் சொட்டினால் கவலை வேண்டாம். புகை குளிர்ந்து வடியும் நீர் அது, சொட்டத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் சொட்டியது செம்புக் குழாய். "வால்வு பழசாப் போச்சு தம்பி, மாத்தினாச் சரி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. அவர்கள் அப்படித்தான் மாற்றினார்களாம். அந்தக் குளிர்காலம் முடியுமுன்னே புது வால்வும் சொட்டத் தொடங்கியதை அந்த வீட்டு அக்காதான் சொன்னார்.

வால்வு 3 பார் அழுத்தத்தில் திறக்கவென்றே செய்யப்பட்டது. திறந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அழுத்தம் ஏன் அவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் தேட வேண்டும். அதற்குப் பாய்லரின் முன்பக்க அழுத்தமானியே போதும்.

ஹீட்டிங் போடுமுன் முள் எங்கே நிற்கிறது, ரேடியேட்டர்கள் நன்றாகச் சூடானபின் எங்கே நிற்கிறது என்று குறித்துவையுங்கள். குளிர்ந்திருக்கையில் 1 முதல் 1.5 பார் இருப்பது வழக்கம். சூட்டில் சற்று ஏறுவதும் இயல்பே. எங்கள் வீட்டில் 1இலிருந்து 3ஐ நோக்கி விறுவிறுவென ஏறியது. ஆறியதும் பூச்சியத்துக்கருகே விழுந்தது. இது விரிவுக் கலனில் காற்று போனதன் அடையாளம். 100 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 3 லிட்டர் பெருகும். அந்த மிகுதி ஒதுங்குவதற்குத்தான் ரப்பர் சவ்வின் மறுபக்கம் காற்று அடைத்த அந்தக் கலன். காற்று போய்விட்டால் மிகுதி நீர் வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அழுத்தம் குறைந்ததென்று நாம் மறுபடி நீர் நிரப்புவோம். அப்படி வரும் புது நீரிலுள்ள ஆக்சிஜன் ரேடியேட்டர்களைத் துருப்பிடிக்க வைக்கும்.

கலனில் கார் டயரில் இருப்பது போன்ற காற்று முனை உண்டு. அதன் நடு ஊசியை அழுத்தியதும் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. கலனையே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பம்பால் காற்றடிக்கலாம். ஆனால் பாய்லர் பக்கத்து நீரழுத்தத்தை முதலில் பூச்சியமாக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் காட்டும் அளவு பொய். பாய்லர் உறையைத் திறப்பது கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் வேலை. அதில் நான் கைவைக்கவில்லை.

ஹீட்டிங் போடாத இரவில் கூட முள் ஏறினால் கதை வேறு. எங்கிருந்தோ தெருக்குழாய் நீர் உள்ளே வருகிறது. முதல் சந்தேகம் நீர் நிரப்பும் பின்னல் குழாய். அதன் இருமுனை வால்வுகளையும் மூடிக் கழற்றிய பிறகும் ஏறினால், குளிக்கும் நீரைச் சூடாக்கும் வெப்பமாற்றித் தட்டில் ஓட்டை இருக்கலாம்.

முள் 1.2இல் அசையாமல் நிற்க, குழாய் மட்டும் சொட்டினால்தான் குற்றம் வால்வுடையது. ஒருமுறை திறந்த வால்வின் இருக்கையில் துருத்தூள் மாட்டிக்கொண்டு சரியாக மூட விடாது. குமிழைத் திருகிக் கழுவிவிடலாம் என்பார்கள். பழைய வால்வில் அது ஒழுக்கைக் கூட்டிவிடுவதும் உண்டு. எந்த நிலையிலும் அந்தச் செம்புக் குழாயின் முனையை அடைக்கக் கூடாது.

தொலைபேசியில் "வால்வு லீக்" என்று மட்டும் சொன்னால் பொறியாளர் வால்வோடு வருவார். குறித்துவைத்த அளவுகளைச் சொன்னால் பம்பையும் எடுத்து வருவார். காற்றடித்த பிறகும் எங்கள் வால்வு மெல்லச் சொட்டியது. எப்படியும் நீரை வடித்திருந்ததால் அதையும் அன்றே மாற்றிவிட்டோம்.