அரியலூரில் கடல் பார்க்கலாம்

அரியலூரை அடுத்த வாரணவாசியில் இருக்கும் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் சின்னது. வேகமாக நடந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். “வெறும் கல்லுதானே!” என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்த அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலில் காட்சிப் பொருளின் குறிப்புச் சீட்டில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் எங்கெங்கிருந்தோ வந்த பொருட்கள் இருக்கும். இங்கே பெரும்பாலானவை சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில், இந்த நிலம் கடலுக்கடியில் கிடந்தது. கடல் பலமுறை ஏறி, பலமுறை பின்வாங்கியது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள். வழியில் புழுதி கிளப்பிக்கொண்டு முந்திப் போன லாரியில் இருந்ததும் அந்தக் கடலின் தரைதான் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அதன்பிறகு கல்லைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டு உயிர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் முன் நில்லுங்கள். நான் காட்டுவது அம்மோனைட்டும் கிரைஃபியா சிப்பியும். சுருள் ஓட்டு அம்மோனைட்டின் மேல்தோல் உதிர்ந்த இடத்தில், இலை விளிம்பு போல நெளிந்த கோடுகள் தெரியும். உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட தடம் அது. நாட்டிலஸ் ஓட்டில் அந்தக் கோடு இவ்வளவு நெளியாது. வீட்டுப் பூஜையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட் வகைதான் என்றால் பாட்டிமார்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கிரைஃபியாவில் ஒரு ஓடு தடித்து வளைந்திருக்கும், மற்றது தட்டையான மூடி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இவை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காமல் பென்சிலும் தாளும் கொடுங்கள். வரையத் தொடங்கினால்தான் வரிகளை எண்ணுவார்கள், எந்தப் பக்கம் சுருள்கிறது என்று கேட்பார்கள். ஊழியர்களிடம் பேச்சுக்கொடுங்கள். “இது எந்தக் கிராமத்தில் கிடைத்தது?” என்ற ஒரு கேள்வி போதும்.

அங்கே இல்லாததைப் பற்றியும் சொல்லுங்கள். இதே மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளை 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அந்த எலும்புகள் பொடிந்து போயின. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். அவை எலும்புதானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பொருள் கையில் இல்லாததால் வழக்கு எளிதில் தீரவில்லை. அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பார்த்து முடித்ததும் ஊர் திரும்பிவிடாதீர்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரப் பூங்கா இருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தை 1940இல் அறிவியல் உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். வெயிலுக்கு முன் காலையிலேயே சாத்தனூரை முடித்துவிட்டு, உச்சி வேளையில் வாரணவாசிக்கு வருவதும் நல்ல ஏற்பாடு. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள் என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி கட்டாயம்.

ஓடையிலோ வயல் வரப்பிலோ சிப்பிக்கல் தட்டுப்பட்டால் பையில் போடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போனால் அதன் பாதி மதிப்பு போயிற்று. படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். விலைக்கு யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் பயணத்தில் ஒரு அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். பார்வையாளர் பதிவேடு இருந்தால் பெயரும் ஒரு வரிக் கருத்தும் எழுதிவிட்டு வாருங்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் சின்ன அருங்காட்சியகங்கள் பிழைக்கும்.