பாடசாலையைக் கவனிக்கும் முறை

கிராமத்துப் பாடசாலையைப் பார்வையிடச் செல்வோர் பெரும்பாலும் வாசற்படியிலேயே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நிசப்தமாயிருந்தால் உபாத்தியாயர் கெட்டிக்காரர். இரைச்சல் கேட்டால் திறமையற்றவர். இது பிழையான அளவுகோல். சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவர் இரும்புப் பெட்டியின் பளபளப்பைக் கண்டு திருப்தியடைவதில்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறார். வகுப்புக்கும் ஒரு பேரேடு உண்டு. உபாத்தியாயர் வேறு பக்கம் திரும்பியிருக்கையில் பிள்ளைகள் என்ன செய்கின்றனர் என்பதே அது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு உபாத்தியாயர் இருவர், வகுப்புகளோ ஐந்து. ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர் பொறுப்பிலுள்ள மற்ற வகுப்புகள் காத்திருந்தே தீரவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அவருடைய சாமர்த்தியம் வெளியாகிறது.

இந்தச் சங்கடம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கும் இருந்தது. மூத்த பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். இளையவர்கள் மணலில் எழுதிப் பழகினர். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் பாடசாலையை மேற்பார்த்து வந்தார். சிறுவர்கள் இவ்விதம் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பாடசாலையிலும் அதனைக் கைக்கொண்டார். பெரிய சிறுவர்களைக் கொண்டே சிறியவர்களுக்குப் பாடம் சொல்வித்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் இது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. சட்டாம்பிள்ளை பிரம்பெடுத்து அதிகாரம் செய்ததும் உண்டு. அதனைப் பின்பற்ற வேண்டியதில்லை. பிள்ளைகளை அடிப்பதை மேற்சொன்ன சட்டமும் தடுக்கிறது.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜேக்கப் கூனின், பல வகுப்புகளைப் படக்கருவியால் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்தபின் உபாத்தியாயர் எவ்வாறு கண்டிக்கிறார் என்பதில், நல்ல வகுப்புக்கும் கெட்ட வகுப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னதாகவே இருந்தது. நல்ல உபாத்தியாயருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் உணர்ந்திருந்தனர். அவர் ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களைக் கவனித்தார். ஒரு பாடத்திலிருந்து மறு பாடத்துக்குத் தடையின்றிச் சென்றார்.

ஆகையால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற அங்கத்தினர்கள், உபாத்தியாயரிடம் முன்கூட்டிச் சொல்லி, பின்வரிசையில் ஒரு மணி நேரமாவது அமர்ந்திருப்பது நலம். பாடம் மாறும் வேளையைத் தவறவிடலாகாது. எத்தனை நிமிஷம் வீணாகிறது, காத்திருக்கும் வகுப்பின் கையில் வேலை உண்டா, கடைசி மூலையில் இருக்கும் பிள்ளையை உபாத்தியாயர் ஒருமுறையேனும் நோக்கினாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். வேலையில் ஈடுபட்ட பிள்ளைகளின் முணுமுணுப்பு குற்றமன்று. சும்மா கைகட்டி உட்கார்ந்திருக்கும் மௌனமே கவலைக்குரியது.

கண்டதைப் பிள்ளைகள் முன்னிலையில் பேசலாகாது. பள்ளி விட்டபின் உபாத்தியாயரிடம் தனியே கேட்க வேண்டும். காத்திருக்கும் பிள்ளைகளிடம் சிலேட்டோ, வாசிக்கப் புத்தகமோ இல்லையெனில், அது அவர் குற்றமாகாது. சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து அதற்கு உதவ இடமுண்டா என்று பொதுக்குழுவில் விசாரிப்பது அங்கத்தினர் கையில் இருக்கிறது.