பூட்ஸ் கழற்றும் இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீர் அனுப்பிய வரைபடத்தை நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காபரோவில் உமக்கென்று தனியாகக் கிடைத்த முதல் வேலை. கோடுகள் துப்புரவாக இருக்கின்றன. கராஜ் கதவுக்கு எதிரே ஒரு வாங்கு, அதற்குக் கீழே பிரம்புக் கூடைகள், மேலே ஐந்து கொளுக்கிகள், பின்னால் வெள்ளைப் பலகைச் சுவர். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் தண்ணீரைக் காணவில்லை.

மட்ரூம் என்று இங்கே சொல்கிற அந்தச் சின்ன அறைக்குத் தண்ணீரோடுதான் முழுவேலையும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை வெளியே போய்வருகிற ஒவ்வொருவரும் காலில் ஒரு பிடி ஸ்நோவைக் கொண்டுவருகிறார்கள். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் அது இறுகிக் கிடக்கும். கழற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் உருகத் தொடங்கும். வெறும் தண்ணீரென்றால் துடைத்துவிட்டுப் போகலாம். தெருவிலும் நடைபாதையிலும் கொட்டிய உப்பு அதில் கரைந்திருக்கிறது. காய்ந்ததும் நிலத்தில் வெள்ளை வளையமாக மிஞ்சும். பலகை நிலமானால் தண்ணீர் பொருத்துக்குள் இறங்கிப் பலகையின் விளிம்பை மேலே தூக்கும். கரையாத உப்புக்கல் வார்னிஷைக் கீறும். நீரோ கூடத்து ஓக் பலகையைக் கதவடிவரை நீட்டி, ‘ஒரே நிலமாக இருந்தால் இடம் பெரிதாகத் தெரியும்’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர். தெரியும், உண்மைதான். இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு அந்த ஓக்கைக் கிளப்பி எறிய வேண்டிவரும்.

பளபளப்பில்லாத போர்சலின் டைல் போடும். சின்ன டைலானால் நல்லது. இடைவெளிக் கோடுகள் கூடும்போது ஈரத்திலும் காலுக்குப் பிடி இருக்கும். கோடுகளை நிரப்ப வெள்ளை வேண்டாம், கடும் சாம்பல் நிறம் எடும். யப்பானியர் வீடுகளில் வாசலடி நிலம் உள்நிலத்தைவிட ஒரு படி பதிவாக இருக்கும். சப்பாத்து அந்தப் பதிவில் நின்றுவிடும், அழுக்கும் அதோடு நின்றுவிடும். பழைய வீட்டைத் திருத்துகிற எங்களுக்கு அப்படி இறக்குவது லேசில்லை. ஆனாலும் டைல் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கும் காலுக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. வாங்கின் இடதுகாலுக்குக் கீழே நிலத்தில் ஹீட்டர் துவாரம் இருக்கிறது, பார்த்தீரோ? வாங்கால் மூடினால் சூடு அடைபட்டுவிடும். மூடாமல் அதற்குப் பக்கத்தில் பூட்ஸ் வைத்தால் உப்புத் தண்ணீர் குழாய்க்குள் ஒழுகித் தகரம் துருப்பிடிக்கும். அந்தத் துவாரத்தை வாங்கின் கீழ்ப்பலகைக்குத் திருப்பி, முன்பக்கமாகக் காற்று வரும்படி செய்யச் சொல்லும். பூட்ஸ்கள் அந்தக் காற்றில் இரவோடிரவாகக் காய்ந்துவிடும். கூடைகளை எடுத்துவிட்டு, விளிம்பு உயர்ந்த தட்டு வையும். பிரம்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

கொளுக்கி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தொழில் தொடங்கின இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் ட்ரைவால் சுவரில் பிளாஸ்டிக் ஆணிக்கூடு மட்டும் வைத்து ஆறு கொளுக்கி பூட்டினேன். ஜனவரியில் போன் வந்தது. போய்ப் பார்த்தபோது சுவரில் மூன்று ஓட்டை, நிலமெல்லாம் வெள்ளைத் தூள், அதன்மேல் ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை. பிள்ளை கோட்டை இழுத்திருக்கிறது, கோட்டோடு கொளுக்கியும் வந்துவிட்டது. நல்லகாலம், தலையில் விழவில்லை. நனைந்த குளிர்காலக் கோட்டின் பாரத்தை நான் கணக்கிலெடுக்கவில்லை. பிள்ளைகள் கொளுக்கியில் தொங்குவார்கள் என்றும் நினைக்கவில்லை. சுவர் மூடுவதற்கு முதலே, 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கிற மரக்கால்களுக்கிடையே குறுக்குப் பலகை அடிக்கச் சொல்லும். பெரியவர்களுக்கு 5 அடி உயரம், பிள்ளைகளுக்கு 3 அல்லது மூன்றரை அடியில் இன்னொரு வரிசை. கொளுக்கிக்குக் கொளுக்கி ஓர் அடி விடும். படத்தில் நெருக்கமாக அழகாய்த் தெரியும். தடித்த கோட்டுகள் ஒன்றையொன்று நெரித்தால் எதுவும் காயாது. கதவு பூட்டிய அலுமாரிக்குள் ஈரக் கோட்டை வைக்கிற யோசனையையும் விட்டுவிடும்.

இப்போது, அந்த வீட்டாரைப் பற்றி. அவர்களும் எங்கள் ஆட்கள்தானே. யாழ்ப்பாணத்து வீடுகளில் வெளியிலிருந்து வருகிறவர் படலையைத் திறந்து, முற்றம் கடந்து, கிணற்றடியில் கால் கழுவி, விறாந்தையில் ஏறி, அதற்குப் பிறகுதான் உள்ளே வருவார். செருப்பு படியடியிலேயே நின்றுவிடும். அழுக்கு உதிர அத்தனை இடம் இருந்தது. அந்த முழு வழியும் இங்கே ஆறடிக்கு ஐந்தடிக்குள் சுருங்கிவிட்டது. மைனஸ் இருபதில் செருப்பை வெளியே கழற்ற யாராலும் முடியாது. ஆகவே ஐந்து பேருக்கு ஐந்து கொளுக்கி என்று கணக்குப் போட்டால் போதாது. ஒருவரின் பூட்ஸ் சோடிக்கு ஓர் அடி அகலம் தேவை. பிறந்தநாளுக்கோ செத்தவீட்டுக்கோ இருபது பேர் சேர்ந்து வந்தால் என்ன செய்வார்கள்? முன்கதவடியில் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாய்க் குவியும். போகும்போது ஒற்றைச் சப்பாத்தைத் தேடி ஆட்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள். சீலை கட்டின பெண்கள் பூட்ஸில் வந்து, பையிலிருந்து செருப்பை எடுத்து மாற்றுவார்கள். ஒரு கையில் பூட்ஸ், மறுகையில் கொய்யகம். அவர்கள் உட்கார ஓர் இடம் வேண்டும், பையை வைக்கக் காய்ந்த தட்டு ஒன்று வேண்டும். சுருட்டி வைத்து, தேவைப்படும்போது விரிக்கிற நீளமான ரப்பர் விரிப்பு இரண்டு வாங்கி வைக்கச் சொல்லும்.

அந்த வீட்டில் ஒரு அம்மம்மா இருக்கிறா என்று சொன்னீர். அவ வழக்கமாகச் சப்பாத்துக் கழற்றுகிற இடத்துக்குப் போய்ச் சுவரைப் பாரும். இடுப்புயரத்தில் ஒரு கைத்தடம் இருக்கும், பெயின்ற் மங்கி, விரல்கள் பதிந்த மாதிரி. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை அந்த இடத்திலேயே பூட்டும். வேறெங்கும் அளந்து பூட்ட வேண்டாம். வாங்கு 18 அங்குல உயரம் வையும். அதைவிடப் பதித்தால் முழங்கால் நோ உள்ளவர் இருந்துவிட்டு எழும்ப முடியாது.

கராஜ் கதவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ கட்டடச் சட்டப்படி கராஜிலிருந்து வீட்டுக்குள் வருகிற கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், காற்றுப் புகாமல் பொருந்தவும் வேண்டும். காரின் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆனால் சாமான் பைகளோடு வருகிறவர்கள் தானாகச் சாத்துகிற கதவோடு மல்லுக்கட்டிக் களைத்து, கடைசியில் ஒரு கட்டையை அடியில் செருகிவிடுவார்கள். சட்டம் போட்ட கதவு நாள்முழுக்கத் திறந்து கிடக்கும். இதற்கு ஏசிப் பயனில்லை. கராஜ் பக்கத்தில், கதவுக்கு அருகே, முழங்கையுயரத்தில் ஓர் அகலத் தட்டுப் பூட்டும். பைகளை அதில் இறக்கிவைத்துக் கதவைத் திறப்பார்கள். உள்ளேயும் அதே உயரத்தில் இன்னொரு தட்டு. உமது வரைபடத்தில் நான் சிவப்புப் பேனையால் கீறியிருக்கிற பெட்டி இரண்டும் அவைதான்.

நிறத்தை நீர் தெரிவு செய்யும். அதில் உமக்கு நல்ல கண் இருக்கிறது. வெள்ளைப் பலகைச் சுவரும் இருக்கட்டும், கழுவக்கூடிய பெயின்ற் என்றால்.

கோடு மாற்றுவதற்கு முதல் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அந்த வீட்டுக்குப் போம். ஸ்நோ பெய்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மூலையில் நின்று ஒன்றும் பேசாமல் பாரும். புத்தகப்பை எந்தக் கையிலிருந்து எங்கே விழுகிறது, எந்தப் பிள்ளை நிலத்தில் இருந்து பூட்ஸை உதறுகிறது, கையுறைகளை யார் பொறுக்குகிறார், அம்மம்மா எங்கே ஒதுங்கி நிற்கிறா. பிள்ளைகள் உள்ளே போனபிறகு குனிந்து, தண்ணீர் எதுவரை ஓடியிருக்கிறதென்று அளவுநாடாவால் அளவும். அந்த அளவோடு சனிக்கிழமை வாரும். டைல் எங்கே முடியவேண்டும் என்பதை இரண்டுபேரும் இருந்து கீறுவோம்.

அன்புடன்,
அண்ணா