சரக்கறிவோம்: மைதாவின் பலம் வயலில் பிறக்கிறது



"போன மாதச் சரக்கு நன்றாக இழுபட்டது. இது வீசும்போதே கிழிகிறது" என்று பரோட்டாக் கடைக்காரர் மைதா மூட்டையைத் திருப்பி அனுப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மில் அதே, விலை அதே, நிறமும் அதே. பின் எது மாறியது? பெரும்பாலும் கோதுமையின் புரதம். அதை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு, வயலில் பயிருக்குக் கிடைத்த தழைச்சத்துக்கு உண்டு.

தழைச்சத்தும் புரதமும்

மாவு இழுபடக் காரணம் குளூட்டன் என்னும் புரதம். தழைச்சத்து இல்லாமல் பயிரால் புரதம் கட்ட முடியாது. ஆய்வுக்கூடத்திலும் கோதுமையின் தழைச்சத்தை அளந்து, 5.7ஆல் பெருக்கியே புரதக் கணக்கைச் சொல்கிறார்கள். 2 சதவீதம் தழைச்சத்து என்றால் புரதம் 11.4 சதவீதம்.

வயலில் நடப்பது

பஞ்சாப், அரியானா பகுதிகளில் கோதுமை குளிர்காலப் பயிர். நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கிறார்கள். பஞ்சாபில் பொதுவான பரிந்துரை ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 20.7 கிலோ. ஆக, ஏறத்தாழ இரண்டரை மூட்டை. அடியுரமாக டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதை ஒரே தடவையில் போடுவதில்லை. விதைத்து மூன்று வாரத்தில் வரும் முதல் தண்ணீரோடும், அடுத்த தண்ணீரோடும் பிரித்துப் போடுகிறார்கள். முன்னால் போடுவது தூரையும் விளைச்சலையும் பெருக்கும். கதிர் வரும் சமயம் கிடைப்பது மணியின் புரதத்துக்குப் போகும். அளவு மீறினால் பயிர் மண்டிச் சாய்ந்துவிடும், மணி சூம்பும், மிச்சம் நிலத்தடி நீரில் இறங்கும்.

நாம் கவனிக்க வேண்டியது

அரசுக் கொள்முதலில் ஈரம், தூசு, சூம்பல், சொத்தை இவற்றைப் பார்க்கிறார்கள். புரதத்துக்கென்று தனி விலை கிடையாது. எனவே விவசாயி எடைக்காகவே உரம் போடுகிறார்; அது அவர் குற்றம் அல்ல. விளைச்சல் மிகுந்தால் அதே தழைச்சத்து அதிக மணிகளுக்குப் பங்காகி, புரதம் குறையலாம். அமோக விளைச்சல் ஆண்டில் பலமான மைதா வரும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கடையிலேயே ஒரு சோதனை

1. 100 கிராம் மைதாவை சுமார் 60 மில்லி தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டுங்கள்.
2. அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள்.
3. மெல்லிய துணிமேல் பிடித்து, தண்ணீர் தெளியும் வரை கசக்கிக் கழுவுங்கள்.
4. மிஞ்சும் ரப்பர் போன்ற பிசினைப் பிழிந்து நிறுங்கள்.

அது 30 கிராமை நெருங்கினால் பரோட்டா, ரொட்டிக்கு ஏற்ற சரக்கு. 25க்குக் கீழே என்றால் பரோட்டாக் கடைக்குத் தராதீர்கள். பலம் குறைந்த மைதா கெட்ட மைதா அல்ல. பிஸ்கட், கேக் செய்பவருக்கு அதுவே பொருத்தம். ஆள் மாற்றிக் கொடுத்தால்தான் மூட்டை திரும்பி வரும்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி மைதாவில் உலர்ந்த குளூட்டன் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரப் பிசின் அதைப் போல் சுமார் மூன்று மடங்கு எடை இருக்கும். லாட் மாறும்போதெல்லாம் மில்லிடம் குளூட்டன் அளவைக் கேட்டு, கொள்முதல் நோட்டில் விலைக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மூட்டை திரும்பி வந்தால், மில்காரரிடம் பேச நம் கையில் கணக்கு இருக்கும்.