கையடக்க கேமரா: பெட்டியில் அச்சான எண்களும் கையில் கிடைப்பதும்

கையடக்க டிஜிட்டல் கேமராவின் திறனை மூன்று எண்களில் அடக்கிச் சொல்வது கடைகளின் வழக்கம்: விநாடிக்கு எத்தனை படம், ஒரு சார்ஜில் எத்தனை படம், மெமரி கார்டு எத்தனை ஜி.பி. இந்த எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு அளக்கப்பட்டது. அந்த நிபந்தனை மட்டும் பெட்டியின்மேல் அச்சாவதில்லை. தவறான நம்பிக்கைகள் பலவும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

வேகம்

நம்பிக்கை: பொத்தானை அழுத்தியபின் படம் தாமதமாக விழுந்தால் ஷட்டர் மந்தம்.

உண்மை: தாமதத்தின் பெரும்பகுதி ஷட்டருக்கு முன்பே, ஃபோகஸ் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது. பழைய கையடக்க கேமராக்களும் விலை குறைந்தவையும் கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் செய்கின்றன. லென்ஸை நகர்த்தி, விளிம்புகள் கூர்மையாகின்றனவா என்று பார்த்து, உச்சத்தைத் தாண்டிய பிறகே திரும்பி வந்து சரியான இடத்தில் நிற்கும். மங்கிய வெளிச்சத்திலும் முழு ஜூமிலும் இந்தத் தேடல் இன்னும் நீளும். ஃபேஸ் டிடெக்‌ஷன் முறையிலோ எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசைக்கு இந்த வசதி 2016-இல் வந்த ஐந்தாம் மாடலில்தான் கிடைத்தது.

பழைய கேமராவுக்கும் வழி இல்லாமலில்லை. பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அந்தத் தூரத்தில் நிலைத்துவிடும். மீதியை அழுத்தும்போது தேடல் இராது. ஊஞ்சலாடும் குழந்தையைப் படமெடுக்க, ஊஞ்சல் திரும்பும் முனைக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது இந்த முறையில்தான்.

நம்பிக்கை: விநாடிக்கு 10 படம் என்றால் பத்தும் தெளிவாக விழும், விரலை எடுக்கும்வரை அதே வேகம் நீடிக்கும்.

உண்மை: 2012-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100 விநாடிக்கு 10 படம் எடுத்தது. ஆனால் அந்த வேகத்தில் முதல் படத்தின் ஃபோகஸே மற்ற எல்லாப் படங்களுக்கும் தொடரும். கேமராவை நோக்கி ஓடிவரும் ஆள் இரண்டாவது, மூன்றாவது படத்திலேயே மங்கலாகிவிடலாம். சாதாரணத் தொடர் எடுப்பில் அதன் வேகம் விநாடிக்கு 2.5 படம்தான்.

வேகம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது வேறு கணக்கு. எடுத்த படங்கள் முதலில் பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் சேர்கின்றன. கார்டுக்குப் போவது பிறகுதான். ஆர்எக்ஸ்100 ஐந்தாம் மாடல் ஃபோகஸைத் தொடர்ந்தபடியே விநாடிக்கு 24 படம் எடுக்கும். ஒரே மூச்சில் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 150 படம். வகுத்துப் பார்த்தால் ஆறு விநாடிச் சொச்சம். அதற்குமேல் பஃபர் காலியாகக் காத்திருக்க வேண்டும். விளையாட்டுப் போட்டியில் முழு ஓட்டத்தையும் அல்ல, எல்லைக்கோட்டைத் தொடும் அந்தச் சில விநாடிகளைத்தான் இந்த வேகத்தில் பிடிக்க முடியும்.

நம்பிக்கை: 1/32000 விநாடி ஷட்டர் எந்த அசைவையும் உறையவைக்கும்.

உண்மை: ஆர்எக்ஸ்100 நான்காம் மாடல் முதல் கிடைக்கும் இந்த வேகம் எலக்ட்ரானிக் ஷட்டருடையது. அதே கேமராக்களில் இயந்திர ஷட்டரின் உச்சம் 1/2000 விநாடி. எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒளி விழும் நேரம் 1/32000 விநாடி என்றாலும், சென்சாரின் எல்லா வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க அதைவிடப் பலமடங்கு நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் பொருள் நகர்ந்துவிடுவதால் படம் கூர்மையாக இருந்தும் வடிவம் கோணலாகும்: மின்விசிறியின் இறக்கை வளையும், ஓடும் ரயிலின் ஜன்னல் சாயும். சென்சாரோடு நினைவகத்தையும் அடுக்கிச் செய்த புதிய வகைகளில் இந்தக் கோணல் குறைந்திருக்கிறது, முற்றிலும் மறையவில்லை.

பேட்டரி

நம்பிக்கை: 260 படம் என்று எழுதியிருந்தால் 260 படத்தோடு பேட்டரி தீர்ந்துவிடும்.

உண்மை: இந்த எண் ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபா 2003-இல் வெளியிட்ட அளவீட்டு முறையிலிருந்து வருகிறது. சோதனை நடக்கும் அறையின் வெப்பம் 23 டிகிரி செல்சியஸ். திரை எரிந்தபடி 30 விநாடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஜூம் லென்ஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ் முழுவீச்சில் அடிக்கும். பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் 260 படம் என்பது இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான பயன்பாடு. பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் படங்களின் எண்ணிக்கை அல்ல. திரை எரியும் நேரமும் மோட்டாரும் ஃபிளாஷும்தான். ஃபிளாஷ் இல்லாமல், தொடர் எடுப்பில், இடையிடையே அணைத்துப் பயன்படுத்துவோருக்கு இதைப் போலப் பலமடங்கு படம் கிடைக்கும். எடுத்ததை உடனுக்குடன் திரையில் காட்டிக்கொண்டும் வைஃபையில் அனுப்பிக்கொண்டும் இருப்பவருக்கு 260 கூடத் தேறாது.

ஒரே முறையில் அளந்த எண்கள்கூட எல்லாக் கேமராவிலும் ஒரே பொருள் தருவதில்லை. கேனன் ஜி7எக்ஸ் மூன்றாம் மாடலுக்கு 235, ரிக்கோ ஜிஆர் 3-க்கு 200 என்பவை நிறுவனங்கள் தரும் எண்கள். கேனனின் 235-இல் ஃபிளாஷுக்கும் ஜூமுக்கும் போன மின்சாரம் அடக்கம்; அவற்றைத் தவிர்த்தால் எண்ணிக்கை ஏறும். ரிக்கோவில் உள்ளமைந்த ஃபிளாஷும் இல்லை, ஜூமும் இல்லை. அந்த வகையில் மிச்சப்படுத்த அதில் எதுவுமில்லை. கூடுதல் பேட்டரி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வதே வழி.

நம்பிக்கை: திரையை விட்டு வியூஃபைண்டரில் பார்த்தால் சார்ஜ் மிச்சமாகும்.

உண்மை: பழைய கேமராக்களின் கண்ணாடி வியூஃபைண்டருக்கு இது பொருந்தும், அதற்கு மின்சாரமே தேவையில்லை. எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் என்பது இன்னொரு சிறு திரை. ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலில் பெரிய திரையில் பார்த்தால் 260 படம், வியூஃபைண்டரில் பார்த்தால் 240 என்று சோனியே குறிப்பிடுகிறது.

நம்பிக்கை: பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

உண்மை: இது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. இன்றைய லித்தியம்-அயான் பேட்டரிக்கு அடிக்கடி முழுதாகத் தீர்வதுதான் கேடு. பாதியில் சார்ஜ் போடுவதால் தீங்கில்லை. மாதக்கணக்கில் கேமராவைத் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, ஏறத்தாழ பாதிச் சார்ஜோடு வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது.

சேமிப்பு

நம்பிக்கை: 170 எம்.பி. என்று எழுதிய கார்டைப் போட்டால் கேமராவும் அந்த வேகத்தில் எழுதும்.

உண்மை: கார்டின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது படிக்கும் வேகம், எழுதும் வேகம் பொதுவாக அதைவிடக் குறைவு. மேலும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டுக்கு விதிமுறை அனுமதிக்கும் உச்சம் விநாடிக்கு 104 எம்.பி. அதற்கு மேற்பட்ட எண்கள் கார்டு நிறுவனங்களின் சொந்த உத்தியால், அதற்கு ஏற்ற ரீடரில் மட்டுமே கிடைப்பவை. கார்டைத் திருப்பிப் பார்த்தால் தகடுகள் இரண்டு வரிசையாக இருப்பது யுஎச்எஸ்-2 வகை. அதை யுஎச்எஸ்-1 கேமராவில் செருகினால் இரண்டாம் வரிசைக்கு வேலையில்லை. வேகமும் யுஎச்எஸ்-1 அளவுக்கே இறங்கிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சின்னதாக அச்சிட்ட குறிகள். வட்டத்துக்குள் 10 என்றால் விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும், யு3 அல்லது வி30 என்றால் குறைந்தது 30 எம்.பி. கையடக்க கேமராக்களில் 4கே வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். வி30 கார்டு அதற்குத் தாராளமாகப் போதும்.

நம்பிக்கை: 64 ஜி.பி. கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

உண்மை: கார்டு நிறுவனம் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறது. விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. பைட்டுகள் குறையவில்லை, அளவுகோல்தான் வேறு. 20 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஏறத்தாழ 20 எம்.பி. என்று கொண்டால் இந்தக் கார்டில் 3,000 படம் அடங்கும்.

நம்பிக்கை: துளையில் நுழையும் கார்டு எதுவானாலும் வேலை செய்யும்.

உண்மை: எஸ்டி, எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி மூன்றும் ஒரே வடிவம். முதல் வகையின் எல்லை 2 ஜி.பி.; 2006-இல் வந்த எஸ்டிஎச்சிக்கு 32 ஜி.பி.; 2009-இல் அறிமுகமான எஸ்டிஎக்ஸ்சிக்கு 2 டி.பி. புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமராவுக்குப் புதிய வகையின் அமைப்பு புரியாது. 2005-ஆம் ஆண்டுக் கேமராவைத் தூசு தட்டி எடுப்பவர் 2 ஜி.பி. கார்டைத் தேடிப்பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: விமான நிலைய எக்ஸ்ரே கார்டில் உள்ள படங்களை அழித்துவிடும்.

உண்மை: எக்ஸ்ரேயால் பாதிக்கப்படுவது படச்சுருள். பயணப் பைகளைச் சோதிக்கும் கருவியால் மெமரி கார்டில் உள்ள படங்கள் அழிவதில்லை.

நம்பிக்கை: டெலீட் செய்த படம் போனது போனதுதான்.

உண்மை: டெலீட் செய்யும்போது, அந்த இடம் இனிக் காலி என்ற குறிப்பு மட்டுமே கார்டின் அட்டவணையில் மாறுகிறது. படத்தின் தரவு, வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும்; மீட்பு மென்பொருளால் பல சமயம் அதைத் திரும்ப எடுக்க முடியும். தவறுதலாக அழித்தவர் அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். கார்டை விற்பவரோ பிறருக்குக் கொடுப்பவரோ வெறும் டெலீட்டை நம்பக் கூடாது. கார்டு முழுவதையும் வேறு தரவால் ஒருமுறை நிரப்பிவிட்டுக் கைமாற்றுவதே பாதுகாப்பு.