மணி ஏன் வெடிக்கிறது?

கேள்வி: வீட்டில் டார்ச் வைத்துக் கண்ணாடி மணி செய்யப் பழகுகிறேன். ராத்திரி நன்றாக இருந்த மணி, காலையில் விரிசல் விட்டுக் கிடக்கிறது. கண்ணாடிக் கம்பி மட்டமா, என் கை மட்டமா?
- வாசகி, கோவை

பதில்: கையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஆறவிடும் விதத்தில்தான் கோளாறு. தீயிலிருந்து எடுத்ததும் மணியின் மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே சூடு அடங்கியிருக்காது. உள்பகுதி பிறகு சுருங்கப் பார்க்கும், மேல்பகுதி விடாது. அந்த இழுவிசை கண்ணாடிக்குள்ளேயே தங்கி, சில மணி நேரம் கழித்தோ, சில மாதம் கழித்தோ மணியைப் பிளக்கும்.

மின்சூளைதான் சரியான மருந்து. சோடா-சுண்ணக் கண்ணாடி என்றால் 500 டிகிரி செல்சியஸை ஒட்டி அரை மணி நேரமாவது வைத்து, பிறகு மெல்ல இறக்க வேண்டும். வெர்மிகுலைட் துகளில் புதைப்பது ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. விற்கிற மணிக்கு அது போதாது.

இன்னொன்று: போரோசிலிகேட் கம்பியைச் சோடாக் கண்ணாடியோடு கலந்தீர்களா? சோடாக் கண்ணாடி அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுருங்கும். இரண்டும் ஒரே மணியில் குடித்தனம் நடத்தாது. சூளையாலும் காப்பாற்ற முடியாது.

மணி, அதைச் சுற்றிச் செய்த எஃகுக் கம்பியைவிட்டுக் கழல மறுத்தால், கம்பிமேல் பூசிய களிமண் பூச்சு சரியாகக் காயாமல் இருந்திருக்கலாம். முறுக்கிப் பிடுங்காமல் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி போடுகிறீர்களா? சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது மறைத்தால்தான் கண்ணாடி உருகுவதே சரியாகத் தெரியும். வெயில் கண்ணாடி உதவாது. புகை வெளியேறும் விசிறி இல்லாத அறையில் டார்ச்சைப் பற்றவே வைக்காதீர்கள்.